ஏழு நிறுத்தங்கள்

கதார்காம், சூரத்
12 பிப்ரவரி 2004

அன்புள்ள குந்தனுக்கு, ஜெய் ஸ்ரீகிருஷ்ணா.

இங்கே உன் அண்ணன், நான், மித்தல் மூவரும் சுகம். மஹுவாவில் நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் இப்போதாவது படி ஏற விடுகிறதா, இல்லை இன்னும் உன்னைத்தான் மாடிக்கும் கீழுக்கும் விரட்டுகிறார்களா?

இந்த உறைக்குள் இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு ஃப்ளாப்பி வைத்திருக்கிறேன். மடக்காதே, காந்தம் பக்கம் கொண்டுபோகாதே, உங்கள் வெங்காயத் தூள் ஆலையின் தூசி படும் இடத்தில் வைக்காதே. அதில் ஒரே ஒரு ஃபைல்தான் உண்டு. பெயர் டி.எஸ்.டி. என்று முடியும். உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறக்கிறதா பார். திறக்காவிட்டாலும் பத்திரமாக வைத்திரு. உன் அண்ணனிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

போனில் சொல்லலாமே என்பாய். எங்கள் வீட்டு போன் உன் அண்ணனின் தலைமாட்டில் இருக்கிறது. உன்னுடையது மானேஜர் நட்டுபாய் மேஜையில். அதனால் கடிதம்தான் நமக்குச் சரி. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை மட்டும் முழுங்கிவிடு.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உனக்குத் தெரியுமே. எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் போடுவதை இங்கே பஞ்சிங் என்பார்கள். மெஷின் ஓட்டுகிற உன் அண்ணன் அதையும் பழகட்டும் என்று முதலாளி ஜெராம் சேட் ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே கொண்டுவந்து வைத்தார். உன் அண்ணன் பதினோரு நாள் பழகினார். பன்னிரண்டாம் நாள் கழுத்து வலி என்று படுத்தார். அதைத் துணி போட்டு மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் சமாசாரம்.

மித்தல் அத்தைக்கு ஒரு முத்தம் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

உன் அண்ணி

*

மஹுவா
24 பிப்ரவரி 2004

ஜசு அண்ணிக்கு, குந்தனின் ஜெய் ஸ்ரீகிருஷ்ணா.

ஃப்ளாப்பி முழுசாக வந்து சேர்ந்தது. நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் கோயிலுக்குப் போகும்போது மட்டும் நன்றாக இருக்கிறது, சமையலறை என்றால் வலிக்கிறது.

உங்கள் ஃபைல் என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள். கிளிக் செய்தால் "எதில் திறக்கட்டும்?" என்று கம்ப்யூட்டர் என்னையே கேட்கிறது. அது தெரிந்தால் உன்னிடம் ஏன் வருகிறேன் என்று திட்டிவிட்டு வேர்டில் திறந்தேன். கட்டமும் புள்ளியும் கேள்விக்குறியுமாகப் பக்கம் பக்கமாக ஓடுகிறது. படம் பார்க்கும் இடத்தில் போட்டால் இது படமில்லை என்கிறது. பாட்டு கேட்கும் இடத்தில் போட்டால் வாயே திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நட்டுபாய் வந்து பின்னால் நின்றார்.

"என்னம்மா இது, ஈ மொச்ச மாதிரி?"

"புது ஸ்டாக் லிஸ்ட் சார்."

"லிஸ்டா? வைரஸ்மா வைரஸ்! மொத்த வெங்காயத்தையும் தின்னுட்டுப் போயிடும், புடுங்கு, புடுங்கு!"

சுவரில் இருந்த பிளக்கை அவரே பிடுங்கிவிட்டார். மறுநாளிலிருந்து மானிட்டர் மேல் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்குகின்றன. நான் அதற்குக் கீழே உட்கார்ந்து டைப் அடிக்கிறேன்.

அது என்ன ஃபைல்? எனக்கு அனுப்பிவிட்டு அண்ணாவிடம் சொல்லாதே என்று மட்டும் சொன்னால் எப்படி? பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பதுபோல் இருக்கிறது எனக்கு. சொல்லிவிடுங்கள்.

அண்ணாவையும் மித்தலையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
குந்தன்

*

சூரத்
5 மார்ச் 2004

அன்புள்ள குந்தனுக்கு, ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. ஹோலி வாழ்த்து. அம்மாவைச் சாயத் தண்ணீரில் நடக்கவிடாதே, வழுக்கும்.

உன் மானேஜரை நினைத்து நானும் மித்தலும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரிடம் சொல், அது வைரஸ் இல்லை, படமும் இல்லை. ஊசிக்கு வழி சொல்லும் ஃபைல். "இத்தனை தூரம் வலது பக்கம் போ, இத்தனை தூரம் மேலே போ, குத்து." இப்படி நாற்பத்தெட்டாயிரம் தடவை சொல்கிறது. தான் தைப்பது பூ என்று அதற்குத் தெரியாது. நிறமும் தெரியாது. சிவப்பு, பச்சை என்று ஓர் எழுத்துகூட உள்ளே கிடையாது. நடுநடுவே "நில்" என்று ஓர் அடையாளம் மட்டும் வரும். மெஷின் நின்றுவிடும். நின்றபிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை ஃபைல் சொல்லாது, அதைப் போட்ட ஆள்தான் சொல்ல வேண்டும்.

அதைத் திறக்க உனக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். நோட்பேடில் திற. கீழே எல்லாம் குப்பையாகத்தான் தெரியும். மேலே முதல் சில வரிகள் மட்டும் மனிதர் படிக்கிற எழுத்தில் இருக்கும். அதை அப்படியே பார்த்து எனக்கு எழுது.

உன் அண்ணனைப் பற்றி ஒரு சந்தோஷச் செய்தி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். நான் அதைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. நீ முதலில் நோட்பேடைத் திற.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணி

*

சூரத்
20 ஏப்ரல் 2004

குந்தனுக்கு, ஜெய் ஸ்ரீகிருஷ்ணா.

அங்கே எல்லோரும் நலம்தானே? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் மேல் பழி போடலாம் என்றால், அம்மா உன் அண்ணனுக்கு எழுதிப்போட்ட கார்டு மட்டும் மூன்றாம் நாள் வந்து சேர்கிறது. கார்டில் இருப்பது உன் கையெழுத்து.

இங்கே நலம்.

அண்ணி

*

மஹுவா
2 மே 2004

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, குந்தன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். வெங்காய சீசன், இரண்டு ஷிப்ட் ஓடுகிறது, வெயிலும் அதிகம். கம்ப்யூட்டர் ரிப்பேரில் இருப்பதால் ஃபைலைப் பார்க்க முடியவில்லை. ஃப்ளாப்பி பத்திரமாக உள்ளது.

அண்ணாவைப் புது யூனிட்டில் டிசைன் மாஸ்டர் ஆக்கப்போவதாகக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முழுக்கப் பேடா கொடுத்தார். அண்ணா போட்ட கொடி டிசைன் புடவை பம்பாய் வரை போகிறதாமே. எல்லோரும் என்னை நிறுத்தி நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
குந்தன்

*

சூரத்
16 மே 2004

குந்தன், ஜெய் ஸ்ரீகிருஷ்ணா.

"தங்கள் நலம் அறிய ஆவல்" என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. நீ திறந்து பார்த்தாயோ இல்லையோ, இனி நானே சொல்கிறேன்.

அந்தக் கொடியைப் போட்டது நான். மித்தல் பள்ளிக்கூடம் போனபின் நாலு மாதம் உட்கார்ந்து போட்டது. உன் அண்ணன் அதைத் தன்னுடையது என்று சேட்டிடம் கொடுத்தார். அந்த டிசைனைப் போட்ட ஆளுக்குத்தான் புது யூனிட்டில் நாற்காலி என்று சேட் சொல்லியிருக்கிறார். அந்த நாற்காலி என்னுடையது. அது எனக்கு வேண்டும்.

கேட்டேன். இப்படிப் போனது பேச்சு:

"நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே? இதுல உன் டிசைன் என் டிசைன்னு என்ன?"

"ஒண்ணுதான்னா என் பேரையே சொல்லியிருக்கலாமே?"

"பொம்பள பஞ்சிங் போட்டான்னா எவன் நம்புவான்?"

"நீங்க சொல்லிப் பாத்தீங்களா?"

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அன்றிலிருந்து இந்த வீட்டில் ரொட்டி உண்டு, பருப்பு உண்டு, டிசைன் கிடையாது. அடுத்த டிசைன் எங்கே என்று சேட் கேட்டு அனுப்புகிறார், இவர் என் முகத்தைப் பார்க்கிறார், நான் மாவு பிசைகிறேன். போன வாரம் கம்ப்யூட்டரையே டெம்போவில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே என் ஃபைலைத் தன் பெயரில் மறுபடி பதிந்துகொண்டு, பழையதை அழித்துவிட்டார். இப்போது என் பெயரோடு இருப்பது உன்னிடம் உள்ள அந்த ஒன்றுதான்.

ரிங் ரோடு கடையில் அந்தப் புடவையைப் பார்த்தேன். என்ன செய்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? நான் சொல்ல மாட்டேன். ஃபைலில் ஏழு நிறுத்தம் இருக்கிறது. எதற்கு ஏழு என்று போட்ட ஆளுக்குத்தான் தெரியும். உன் டிசைன் மாஸ்டர் அண்ணனைக் கேட்டுப் பார்.

நீ அவருக்குத் தங்கை என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் உன்னிடம் அனுப்பினேன். அதை உடைத்துப் போடுவதென்றால் போடு. ஆனால் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று மட்டும் எழுதாதே.

ஜசு

*

மஹுவா
21 ஜூன் 2004

ஜசு அண்ணிக்கு, ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. அம்மாவுக்கு இப்போது முழங்கால் பரவாயில்லை. என் மனசுதான் சரியில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகவில்லை. உங்கள் மார்ச் கடிதம் வந்த அன்றே நோட்பேடில் திறந்தேன். முதல் வரியில் எல்.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் ஜசு என்று இருந்தது. அடுத்த வரியில் நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் தையல். அதற்கடுத்து சி.ஓ., ஏழு, நீங்கள் சொன்ன நிறுத்தங்கள். படித்து முடித்து வீட்டுக்கு வந்தால் அம்மா பேடா தட்டோடு வாசலில் நிற்கிறார். "உங்க அண்ணன் குடும்ப மானத்த எங்கியோ கொண்டுபோயிட்டான்டி" என்கிறார். நான் பேடாவை வாயில் போட்டுக்கொண்டேன், அண்ணி. அது தொண்டையில் இறங்கவும் செய்தது. அதுதான் எனக்கு வெட்கம்.

போன வாரம் நட்டுபாய் வீட்டுக் கல்யாணம். அவர் மருமகள் அந்தக் கொடிப் புடவைதான் கட்டியிருந்தாள். பரிமாறும்போது வளையல் மாட்டி நூல் கொத்தாக வெளியே வந்துவிட்டது. "உங்க அண்ணன் போட்ட டிசைனாமே, நீயே சரி பண்ணிக் குடு" என்று என் தலையில் கட்டினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்தேன். எண்ணிப் பார்த்தேன், எட்டு நிறம். ஊதா, ஆரஞ்சு, கிளிப்பச்சை எல்லாம் ஒரே கொடியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஜசு அண்ணி நாலு நிறத்துக்கு மேல் போட மாட்டாரே என்று நினைத்தேன். பூக்களின் நடுவே வட்ட வட்டமாக வெறும் துணி. அதன் மேல் குறுக்கே போகிற நூலுக்கு அடியில் பிடிமானமே இல்லை, தொளதொளவென்று கிடக்கிறது. வளையல் மாட்டாமல் என்ன செய்யும்?

நவராத்திரிக்கு நீங்கள் எனக்குக் கையால் தைத்துத் தந்த பாவாடையில் ஓர் ஆப்லா தளர்ந்திருந்தது. அந்தக் கண்ணாடிச் சில்லை எடுத்து, புடவையின் தொளதொள நூலுக்கு அடியில் மெல்லச் செருகினேன். அளவு எடுத்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. நூலெல்லாம் விறைத்துக்கொண்டது.

ஏழில் மூன்றுதான் நூல் மாற்ற, இல்லையா? மற்ற நாலும் ஆப்லா வைப்பதற்காக மெஷினை நிறுத்துகிற இடம். இரண்டுக்கும் ஃபைலில் ஒரே அடையாளம். அண்ணா ஏழு நிறுத்தத்தையும் நூல் மாற்றுவது என்று நினைத்து எட்டு நிறம் ஏற்றிவிட்டார், கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையை வைத்துத் தைத்துவிட்டார். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டால் தான் போட்டதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

ஃப்ளாப்பியை உடைக்கவில்லை. என்னைத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள், அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கும்.

உங்கள்
குந்தன்

*

சூரத்
10 ஜூலை 2004

தங்கை குந்தனுக்கு அண்ணன் மன்சுக்கின் ஆசீர்வாதம். அம்மாவுக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் சுகம் என்று சொல்ல ஆசைதான்.

பம்பாய் வியாபாரி கொடிப் புடவை மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டான். நூல் மாட்டுகிறதாம். ஃபைலைச் சரி செய்து கொடு என்று சேட் என் தலைமேல் நிற்கிறார். உன் அண்ணியிடம் நயமாகச் சொன்னேன், அதட்டிச் சொன்னேன். "ஃபைல்ல தப்பே இல்ல" என்கிறாள், உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே. பெண்பிள்ளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாது. அவள் உனக்கு ஒரு ஃப்ளாப்பி அனுப்பியதாக மித்தல் உளறினாள். அதை உடனே எனக்குத் தபாலில் அனுப்பிவை. சேட் கண்ணில் அது படக்கூடாது. நம் குடும்பத்துக்குள் இருக்கிற விஷயம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

அனுப்பவில்லை என்றால் இந்த ரக்ஷாபந்தனுக்கு நீ என் வாசல்படி ஏற வேண்டாம். ராக்கி கட்ட எனக்கு வேறு தங்கைகள் கிடைப்பார்கள். யோசித்து நட.

மன்சுக்

*

மஹுவா
19 ஜூலை 2004

அண்ணாவுக்கு, ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. நானும் அம்மாவும் நலம். உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ஜூன் மாதம் அண்ணிக்கு நான் என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "தெருவுக்கெல்லாம் குடுத்த பேடாவ எப்படிடி திருப்பி வாங்குறது?" என்று கேட்டார்.

ஃப்ளாப்பி தபாலில் வராது, என்னோடுதான் வரும். ராக்கியும் கொண்டுவருகிறேன். முதலில் உன் கையில் ராக்கியைக் கட்டுவேன், அப்புறம் அண்ணி கையில் ஃப்ளாப்பியைக் கொடுப்பேன். வாசல்படி உன்னுடையது மட்டும் இல்லை, அண்ணியும்தான் தினம் அதைப் பெருக்குகிறார். வேண்டுமானால் கதவைச் சாத்திப் பார். நான் தெருவில் உட்கார்ந்து ராக்கிப் பாட்டு பாடுவேன், உனக்கு என் குரல் தெரியும்.

நீ என் அண்ணன். அதனால்தான் இதை உன்னிடம் முன்கூட்டியே சொல்கிறேன். உனக்குத் தெரியாமல் செய்ய எனக்கு இஷ்டமில்லை.

குந்தன்

*

சூரத்
14 செப்டம்பர் 2004

என் அருமைக் குந்தனுக்கு, ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. பஸ்ஸில் இடம் கிடைத்ததா? அம்மாவுக்குக் கொடுத்தனுப்பிய தைலம் பிடித்திருக்கிறதா? நீ ராக்கி கட்டியபோது உன் அண்ணன் கையை நீட்டியபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, அதை நினைத்து மித்தல் இன்னும் நடித்துக் காட்டுகிறாள். உன் லீவு முடிகிறவரை சேட் பம்பாயிலிருந்து வராமல் போனதில் எனக்கு வருத்தம். நீ பார்த்திருக்க வேண்டியது. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஃப்ளாப்பியையும் ஒரு டப்பா ஆப்லாவையும் எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். உன் அண்ணன் வாசலிலேயே மறித்தார்.

"வீட்டு விஷயத்த இங்க கொண்டு வராத."

"வீட்டுக் கம்ப்யூட்டரயே இங்க கொண்டு வந்தது நீங்கதான்."

சேட் சத்தம் கேட்டு வந்தார். இந்த ஃப்ளாப்பியை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றேன். திரும்பி வந்த புடவைகள் மூட்டை மூட்டையாக அவர் கண்முன் கிடந்தன, இழப்பதற்கு அவரிடம் என்ன இருக்கிறது? ஒரே நேரத்தில் பன்னிரண்டு இடத்தில் தைக்கிற பன்னிரண்டு தலை மெஷினில் போடச் சொன்னார். திரையில் பெயர் வந்தது.

"ஜசுன்னு போட்டிருக்கே. என்னது அது?"

"டிசைன் கோடு, சேட்" என்றார் உன் அண்ணன். முகத்தில் ஈ ஆடவில்லை.

மெஷின் ஓடி முதல் நிறுத்தத்தில் நின்றது. ஆபரேட்டர் வழக்கப்படி நூல் மாற்றப் போனான். "தொடாத" என்றேன். ஒவ்வொரு தலைக்கும் கீழே ஒரு சொட்டுப் பசையும் ஓர் ஆப்லாவுமாக வைத்துக்கொண்டே போனேன். பன்னிரண்டையும் வைத்து முடித்தேன். ஊசி பட்டு உடையும் என்று ஆபரேட்டர் முகத்தை மூடிக்கொண்டான். ஊசி கண்ணாடியைத் தொடவே இல்லை. நூல் விளிம்பைத் தாண்டித் தாண்டிக் கட்டிப் பிடித்துக்கொண்டது. சேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார், விரலால் சுரண்டினார், என் வளையலைக் கேட்டு வாங்கித் தேய்த்தார். ஒரு நூல்கூட மாட்டவில்லை.

"அப்போ நாம இத்தன நாளா ஓட்டையவா வித்திருக்கோம்?" என்றார்.

எனக்கு வேண்டியதைக் கேட்டேன். டிசைன் ரூமில் நாற்காலி, ஒவ்வொரு ஃபைலிலும் என் பெயர். "நீங்க வீட்ல இருந்தே போட்டுக் குடுங்கம்மா, மன்சுக் கொண்டு வரட்டும்" என்று சேட் இழுத்தார். "வீட்ல இருந்து போட்டதாலதான் இந்த மூட்டையெல்லாம் திரும்பி வந்துச்சு" என்றேன். ரூமில் இருப்பதெல்லாம் ஆண்கள் என்றார். நானும் ஆண்களைப் பார்த்திருக்கிறேன் என்றேன். தலையைச் சொறிந்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார். நேற்று போனேன். நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், கீழே அட்டையை மடித்து வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் மறுபடி மெஷின் பக்கம்தான். வீட்டில் பேசுவதில்லை, சாப்பிடுகிறார். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய்.

ஆனால் ஒன்றை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். அன்று நான் கிளம்புவதற்கு முன் சேட் உன் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"மன்சுக், இப்ப சொல்லு. ஜசுங்கறது யாரு?"

"மித்தலோட அம்மா."

"உறவு கேக்கல. லெட்ஜர்ல எழுதணும், பேரச் சொல்லு."

குந்தன், பதினோரு வருஷத்தில் அவர் என் பெயரைச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் "கேக்குதா", மித்தல் பிறந்தபின் "மித்தலோட அம்மா". நம் வீடுகளில் எந்த ஆண்பிள்ளை பெண்டாட்டி பெயரைச் சொல்கிறான்? மெஷின் அடுத்த நிறுத்தத்தில் நின்றிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் பத்துப் பதினைந்து ஆண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜசுமதி" என்றார், தரையைப் பார்த்து.

அங்கே இருந்த எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது. எனக்கும் கேட்டது. இருந்தாலும், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

சொன்னார்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

ஜசுமதி